பச்சைத் தொப்பி இல்லாத மேசை

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்ற ஐயத்தோடுதான் இதைத் தொடங்குகிறேன். இலக்கணம் கற்றவரெல்லாம் கதை சொல்லிவிட முடியாது என்பதை அறிவேன். ஆயினும் லோவெட் நகரில் நெடுங்காலம் வாழ்ந்தவன் என்ற ஒரே உரிமையைப் பற்றிக்கொண்டு, அவ்வூர்க்காரர் ஒருவருக்கு நேர்ந்ததைத் தமிழில் சொல்லத் துணிந்துவிட்டேன். பிழை காணும் பெரியோர் பொறுத்தருள வேண்டும். அங்கே கால்பந்து என்று பெயர் சூட்டியிருப்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்துக்கு என்பதை மட்டும் பணிவுடன் முன்னதாகத் தெரிவித்துக்கொள்கிறேன். மற்றவை தாமே விளங்கும்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு சனவரி மாதம் முழுவதும் ஓரன் ட்ரெய்னம் சரியாக உறங்கவில்லை. அவருடைய இரும்புக்கடையில் வியாபாரம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. மனைவி மாவிஸுக்கு உடல்நலக் குறைவு ஏதுமில்லை. அவருடைய உறக்கத்தைக் கெடுத்தவை பதினெட்டு வயது இளைஞன் ஒருவனின் இரண்டு கால்கள். லோவெட் உயர்நிலைப் பள்ளி மாணவனாகிய ரோடெல் பெட்வே பந்தை வாங்கிக்கொண்டு ஓடத் தொடங்கினால், பிடிக்க வந்தவர்கள் அவன் சற்றுமுன் நின்றிருந்த இடத்தைத்தான் பிடித்தார்கள். அப்பேர்ப்பட்டவன் பிப்ரவரி முதல் புதன்கிழமையன்று ஏதேனும் ஒரு கல்லூரி அணிக்குக் கையெழுத்திட வேண்டும். அது கேட்லெட் ஸ்டேட் கல்லூரியாக இருக்க வேண்டுமே என்பதுதான் ஓரனின் கவலை.

கேட்லெட் ஸ்டேட், லோவெட்டுக்குத் தெற்கே அரைமணி நேரத் தொலைவில் இருந்தது. அதன் அணியை நாரைகள் என்பார்கள், நிறம் பச்சை. வடக்கே ஆற்றைக் கடந்து ஒன்றரை மணி நேரம் போனால் ஸ்டோவால் பல்கலைக்கழகம். அவர்கள் கரடிகள், நிறம் சிவப்பு. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் பிறந்தவர் எவரும் நடுநிலையாளராக இறந்ததில்லை.

ஓரனின் நினைவில் ஒரு பொற்காலம் இருந்தது. அக்காலத்தில் ஆள் சேர்ப்பு என்ற சொல்லே ஊரில் புழங்கவில்லை. கேட்லெட்டின் பழைய பயிற்சியாளர் கோடைக் கடைசியில் தூசி படிந்த காரில் வந்து இறங்குவார். சமையலறை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "உங்க பையன நான் பாத்துக்கறேம்மா" என்று தாயிடம் ஒரு வார்த்தை சொல்வார். அதுவே ஒப்பந்தம். தகப்பன் பச்சை என்றால் மகனும் பச்சை. சனிக்கிழமை காலையில் ஊரே வண்டி கட்டிக்கொண்டு தெற்கே புறப்படும். வண்டிகளின் பின்பலகைகளை இறக்கி, ஈயத்தாளில் சுற்றிய வறுத்த கோழியையும் அவித்த நிலக்கடலையையும் பரப்பி, முன்பின் அறியாதவர்களையும் கூப்பிட்டுத் தின்னக் கொடுப்பார்கள். ஐம்பத்தொன்பதாம் ஆண்டு மழையில் நாரைகள் கரடிகளை வீழ்த்திய மாலையில், ஸ்டோவால் ரசிகர் குடும்பத்தில் பிறந்த மாவிஸ், ஓரனின் பச்சைக் கழுத்துத்துணியை வாங்கித் தன் தலையில் கட்டிக்கொண்டாள். மழைக்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று அவள் இன்றுவரை சாதிக்கிறாள். அடுத்த வசந்தத்தில் அவர்களுக்குத் திருமணம் நடந்தது.

அந்தக் காலம் எப்போது போயிற்று என்று ஓரனால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஸ்டோவால்காரர்கள் கண்ணாடிச் சுவர் வைத்த உடற்பயிற்சிக் கூடம் கட்டினார்கள். தொலைக்காட்சி அவர்களையே தேடிப் போயிற்று. லோவெட்டின் பல் மருத்துவர் மகன் முதலில் வடக்கே போனான்; பிறகு போதகரின் இரட்டைப் பிள்ளைகள்; பிறகு போகாதவனைத்தான் ஊர் வியந்து பார்த்தது. கேட்லெட்டில் மிஞ்சியவை மரப்பலகை இருக்கைகளும் பழைய கதைகளும்தாம். ரோடெல் ஒருவன் வந்தால், அவனைப் பார்த்து மற்றவர்களும் வருவார்கள் என்று ஓரன் நம்பினார். ஒரு நாரை இறங்கினால் குளத்துக்குப் பிற நாரைகளும் வரும் அல்லவா?

இந்த நம்பிக்கையில் நாள்தோறும் ஊசி குத்துவதற்கென்றே பிறந்தவர் மாவிஸின் அண்ணன் டூயி ஸ்பைவி. சிவப்பு மேற்சட்டையோடு கடைக்குள் நுழைந்து, ஆணிப் பெட்டிக்கு அருகில் இருக்கும் முக்காலியில் அமர்ந்துகொள்வார்.

"என்ன மச்சான், மூஞ்சி சுண்டிப் போயிருக்கு? நாரைக்கு மீன் சிக்கலையா?"

"கரடி குளிர்காலத்துல தூங்கணும்னு படிச்சிருக்கேன். நீ ஏன் ஊரச் சுத்தற?"

"எங்க கோச் தூங்கறதே இல்ல. போன வாரம் பெட்வே வீட்டுக்குப் போயிருக்காரு. அந்தம்மா வச்ச கீரையும் சோளரொட்டியும் மூணு தட்டு சாப்பிட்டாராம்."

"மூணு தட்டா?" என்று கேட்டார் ஓரன்.

"உங்க கோச் லேட்டிமர் எத்தன தட்டு?"

"அவருக்கு வயித்துல புண்ணு, டூயி. உனக்குத் தெரியாதா?"

"அதத்தான் சொல்றேன். வயித்துப் புண்ணோட ஆள் பிடிக்கப் போனா, புண்ணுதான் மிஞ்சும்" என்று சொல்லிவிட்டு, டூயி ஓரனின் காப்பியையே எடுத்துக் குடித்தார்.

ஓரனின் கைகள் கட்டப்பட்டிருந்தன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கேட்லெட்டின் வசதி படைத்த ரசிகர்கள் சிலர் விதிக்கு மாறாக ஒரு வீரனுக்குக் கார் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டத்தை நிர்வகிப்போர் அதைக் கண்டுபிடித்துக் கல்லூரிக்குத் தண்டனை விதித்தார்கள். மீண்டும் ஒருமுறை பிடிபட்டால் அணியையே மூட நேரும் என்றும் எச்சரித்திருந்தார்கள். ஆகவே, டிசம்பரில் நடந்த ரசிகர் மன்ற விருந்தில் பயிற்சியாளர் லேட்டிமர் எழுந்து நின்றபோது, எவரும் கைதட்டவில்லை.

"கெஞ்சிக் கேட்டுக்கறேன்" என்றார் அவர். "அந்தப் பையனுக்கு யாரும் ஒரு நல்லதும் பண்ணிடாதீங்க. ஒரு டோனட் வேண்டாம். ஒரு கோலா வேண்டாம். வண்டில ஏத்தாதீங்க. எதிர்ல வந்தா வானத்தப் பாருங்க. நீங்க மன்றத்து உறுப்பினருங்க. நீங்க பண்றது கல்லூரி பண்ணினதா ஆயிடும். அப்புறம் அவன் வேற எங்க வேணா ஆடலாம், நம்மகிட்ட மட்டும் ஆட முடியாது."

"பையன் தண்ணில முழுகினா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கயிறு வீசுங்க. இழுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஃபோன் பண்ணுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஓரனும் சிரித்தார். அன்றுமுதல் கடைத்தெருவில் ரோடெலைக் காணும்போதெல்லாம் அவர் உண்மையாகவே வானத்தைப் பார்த்தார். ஒருமுறை வானத்தைப் பார்த்துக்கொண்டே தபால்பெட்டியில் மோதிக்கொண்டதும் உண்டு.

சனவரியின் கடைசி வெள்ளிக்கிழமையன்று, ஆற்றுக்குத் தெற்கே ஒரு பண்ணை வீட்டில் விறகு அடுப்பொன்றை இறக்கிவிட்டு ஓரன் திரும்பிக்கொண்டிருந்தார். பண்ணைச் சாலை நெடுஞ்சாலையில் சேரும் இடத்துக்கு அவர் வந்தபோது, மழையோடு பனிக்கட்டியும் சேர்ந்து கண்ணாடியில் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. சாலையோரத்தில் பழுப்பு நிறக் கார் ஒன்று முன்மூடியைத் திறந்தபடி ஆவி கக்கி நின்றது. அதன் அருகே ஒரு பெண்மணியும், கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த நெடிய இளைஞன் ஒருவனும் நின்றிருந்தார்கள். முகத்தைப் பார்க்குமுன்பே அந்தத் தோள்களை ஓரன் அறிந்துகொண்டார். அந்த வார இறுதியில் ரோடெல் விருந்தினனாக ஸ்டோவாலுக்குப் போகிறான் என்பது ஊரறிந்த செய்தி.

ஓரன் வானத்தைப் பார்த்தார். வானத்தில் பனிக்கட்டிதான் இருந்தது. ஆவி படிந்த கண்ணாடிக்கு அப்பால், அந்தப் பெண்மணி உதவி கேட்டுக் கையை உயர்த்துவது தெரிந்தது. வண்டி நெருங்கியது. கதவில் ஒட்டியிருந்த பச்சை நாரையை அவர் கண்டுகொண்டார் போலும். உயர்த்திய கையை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டார். ஓரன் நிறுத்தாமல் போய்விட்டார்.

அந்தக் கை இறங்கியதுதான் அவரைக் கொன்றது. திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பார். இவர் ஏற்றமாட்டார் என்று தெரிந்துகொண்டு, இவருக்குச் சங்கடம் வேண்டாம் என்று இறங்கிய கை அது. ஒரு மைலுக்கு அப்பால் இருந்த பெட்ரோல் நிலையத்தில் தொலைபேசி உண்டு. அங்கிருந்து பழுதுபார்ப்பவரை அழைத்துவிட்டால் சட்டமும் பிழைக்கும், மனசாட்சியும் பிழைக்கும் என்று எண்ணிப் போனார். நிலையம் பூட்டிக்கிடந்தது. சாலையில் வேறு வண்டியின் சுவடே இல்லை. ஓரன் சற்று நேரம் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

"போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார் அந்தப் பெண்மணி. அவர் ரோடெலின் தாய் வெர்னா பெட்வே. மாவட்ட மருத்துவமனையில் செவிலியர் உதவியாளர்.

"போயிட்டேம்மா. திரும்பி வந்திருக்கேன். ஏறுங்க."

ரோடெல் அசையவில்லை. "சார், கதவுல நாரை இருக்கு."

"தெரியும் தம்பி. நான்தான் ஒட்டினேன்."

"நாரை போட்ட வண்டில ஏறக்கூடாதுன்னு கோச் லேட்டிமர் எங்கிட்டச் சொல்லியிருக்காரு."

"ஏத்தக்கூடாதுன்னு எங்கிட்டயும் சொல்லியிருக்காரு."

"ரெண்டு பேரும் பேசி முடிக்கறதுக்குள்ள நான் கல்லாயிடுவேன்" என்றார் வெர்னா. "ராத்திரி ட்யூட்டி முடிச்சு இன்னும் கண்ண மூடல. நான் எந்த டீமுக்கும் ஆடப் போறதில்ல, நான் ஏறறேன். உனக்கு வேண்டாம்னா பின்னாடியே ஓடி வாடா. ஓடறதுக்குத்தானே உன்ன ஊரே கொண்டாடுது?"

ரோடெல் ஏறிக்கொண்டான். மூவரும் ஒரே இருக்கையில் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்தார்கள். ஓரன் தொண்டையைச் செருமினார். "வீட்டுல கொண்டு விட்டுடறேனே? பக்கந்தான்."

"ஸ்டோவாலுக்கு வர்றோம்னு வாக்குக் குடுத்துட்டேன் சார். சோறு போட்டு வச்சுக்கிட்டுக் காத்திருப்பாங்க. எங்கயாவது பஸ் கிடைக்கற எடத்துல விடுங்க, போதும்."

பனிக்கட்டி மழையில் பேருந்துகள் ஓடவில்லை என்பதை ஓரன் காலையிலேயே வானொலியில் கேட்டிருந்தார். ஒன்றும் பேசாமல் வண்டியை வடக்கே செலுத்தினார். கரடியின் குகைக்கு மானைத் தம் கையாலேயே கொண்டுபோய் விடும் மனிதன் உலகில் தாம் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"பேசினாக்கூடத் தப்பா சார்?" என்று சிறிது தூரம் போனபின் வெர்னா கேட்டார்.

"ஆட்டத்தப் பத்திப் பேசக்கூடாது."

"வேற எதப் பத்திப் பேசுவீங்க?"

ஓரன் யோசித்தார். ரோடெல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். அடுப்பைப் பற்றிச் சற்றுப் பேசினார்கள். பிறகு மாவிஸின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். ஆற்றுப்பாலம் வந்தது; ஓரனின் விரதம் அங்கே கலைந்தது. மழையைக் கண்டால் அவருக்கு ஐம்பத்தொன்பது நினைவுக்கு வராமல் இராது. சேற்றில் எண்கள் மறைந்துபோன சட்டைகளைப் பற்றியும், தண்ணீர் நிரம்பிய ஊதுகுழல்களை விடாமல் ஊதிய இசைக்குழுவைப் பற்றியும், கடைசி நொடிகளில் கிளியான் ஹாஸ்க்யூ என்பவர் எல்லைக்கோட்டை ஒட்டியே ஓடி வெற்றியைக் கொண்டுவந்ததைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார்.

"அந்த மாதிரி நாள் இனி வராதும்மா. லோவெட் ஊரே அன்னிக்கு அங்கதான் இருந்துச்சு."

"ஊரேன்னு சொல்லாதீங்க சார்" என்றார் வெர்னா. அவர் குரலில் கோபம் இல்லை. "நாங்க வேலிக்கு வெளிய, ரயில்பாதை மேட்டு மேல நின்னோம். எங்க அண்ணன் லூத்தர், நான், எங்க சர்ச்சுக்காரங்க. கறுப்பருங்கள அப்ப உள்ள விடமாட்டாங்கல்ல? எனக்கு ஒம்பது வயசு. நனைஞ்சு காய்ச்சலே வந்துடுச்சு."

ஓரன் சாலையைப் பார்த்தபடி இருந்தார். இத்தனை ஆண்டுகள் அவர் துடைத்துத் துடைத்துப் பாதுகாத்த அந்தப் படத்தில் ரயில்பாதை மேடு இருந்தது. மேட்டின்மேல் கறுப்புக் குடைகள்கூட இருந்தன. குடைகளின் கீழே மனிதர்கள் நின்றிருப்பார்கள் என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை.

"அங்கேருந்து பாத்தா தெரிஞ்சுதாம்மா?" என்று ரோடெல் கேட்டான்.

"தெரியாம? உள்ள ஒக்காந்தவங்களவிட எங்களுக்குத்தான் நல்லாத் தெரிஞ்சுது. அந்த ஹாஸ்க்யூவோட கால் கோட்டுக்கு வெளிய போச்சு."

"போகல!" என்று ஓரன் கத்தினார். வண்டி சற்றே வழுக்கியது.

"போச்சு சார்."

"நான் பதினஞ்சாவது வரிசைல இருந்தேம்மா!"

"நான் கோட்டுக்கு நேரா இருந்தேன். எங்க மேட்டுல இருந்த அத்தன பேரும் பாத்தாங்க. அம்பயருக்கு மழைல கண்ணு தெரியல. எங்கள யாரு வந்து கேட்டா?"

"கோடே சேத்துல அழிஞ்சு போயிருந்துச்சு. நீங்க எந்தக் கோட்டப் பாத்தீங்க?"

"நீங்க மட்டும் எந்தக் கோட்டப் பாத்து ஜெயிச்சோம்னு சொல்றீங்க?"

ரோடெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெர்னாவும் சிரித்தார். சிறிது பொறுத்து ஓரனுக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஓட்டத்தைப் பற்றி முப்பது ஆண்டுகளில் எவரும் தம்மோடு சண்டையிட்டதில்லை என்பதும், சண்டை இத்தனை இன்பமாக இருக்கும் என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தன. ஸ்டோவாலின் விளக்குகள் தெரியும்வரை மூவரும் அந்தக் கோட்டைவிட்டு நகரவேயில்லை.

பல்கலைக்கழக வாசலுக்கு இரண்டு தெருக்கள் முன்னதாகவே நிறுத்தும்படி வெர்னா கேட்டுக்கொண்டார். "இந்த வண்டி அங்க வரக் கூடாது. உங்களுக்கு நல்லதில்ல." ரோடெல் இறங்கி, தாய்க்குக் கைகொடுத்து இறக்கினான். "சார், நான் உங்களப் பாக்கவே இல்ல" என்றான். "நானும்தான் தம்பி" என்றார் ஓரன்.

ஆனால் ஒருவர் பார்த்துவிட்டார். கூடைப்பந்து ஆட்டம் காண்பதற்காக முன்தினமே ஸ்டோவாலுக்குப் போயிருந்த டூயி, தெருமுனை உணவகத்தின் சன்னலோரத்தில் அமர்ந்து பன்றி விலாவைக் கடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை கடைக்கு வந்தவர் முக்காலியில் அமரவில்லை, காப்பியையும் தொடவில்லை.

"மச்சான், வெள்ளிக்கிழமை உன் வண்டியப் பாத்தேன்."

ஓரன் கையிலிருந்த ஆணிகளைப் பெட்டியில் போட்டார். "யாருகிட்டச் சொன்ன?"

"யாருகிட்டயும் சொல்லல."

"ஏன் சொல்லல? ஒரு ஃபோன் பண்ணினா அவன் உங்களுக்குத்தானே?"

டூயி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ரெண்டு நாளா அதையே யோசிச்சேன். மழைல நின்ன ஆள ஏத்தினதுக்காக ஒருத்தனப் புடிச்சுக் குடுத்து ஜெயிச்சா, அப்புறம் நான் உன்ன எப்படிக் கிண்டல் பண்றது? முப்பது வருஷமா பண்றேன், மச்சான். நான் வாயத் தெறக்க மாட்டேன். நீயும் தெறக்காத." இவ்வளவு நல்லவராக இருந்ததில் கூச்சமடைந்தவர் போல, அவர் விரைந்து வெளியேறினார்.

ஓரனுக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும், வரவில்லை. இரவு உணவின்போது மாவிஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தட்டை நகர்த்திவைத்துவிட்டுக் கேட்டாள்.

"டூயி சொல்லமாட்டான். சரி. அந்தப் பையன் சின்ன வயசு, பெருமைல யார்கிட்டயாவது சொல்லுவான். அந்தம்மா ஆஸ்பத்திரில சொல்லுவா. மூணு வருஷம் கழிச்சு வெளிய வந்தா என்ன ஆகும்?"

"அவன் ஆடின ஆட்டத்தையெல்லாம் அழிச்சுடுவாங்க. அவனையும் நிறுத்திடுவாங்க. டீமையும் மூடிடுவாங்க."

"இப்பவே சொன்னா?"

"நம்மகிட்ட வரமாட்டான். ஸ்டோவாலுக்குப் போயிடுவான்."

"அங்க நல்லா ஆடுவானா?"

"எங்க போனாலும் ஆடுவான், மாவிஸ்" என்றார் ஓரன்.

"அப்பறம் என்ன ஓரன், எங்கிட்டக் கேக்கற?"

வெர்னாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று அவர் முதலில் எண்ணினார். ஆனால் கையெழுத்து நாள்வரை அவரோடு பேசுவதே மற்றொரு குற்றமாகும். ஆகவே மறுநாள் காலையில் கடையைத் திறக்குமுன் கேட்லெட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். லேட்டிமரிடம் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னார்.

"ட்ரெய்னம் சார், பாக்காத மாதிரி போயிருக்கலாமே" என்றார் அவர்.

"போனேன் கோச். ஒரு மைல் போனேன்."

"அப்படியே வீட்டுக்குப் போயிருக்கக் கூடாதா?"

"அந்தம்மா தூக்கின கைய எறக்கிட்டாங்க, கோச்."

மறுமுனையில் மாத்திரைப் புட்டி திறக்கும் ஓசை கேட்டது. "எங்க அம்மாவா இருந்தா நானும் திரும்பித்தான் வந்திருப்பேன்" என்றார் லேட்டிமர். "ஆனா ஆட்டத்த நிர்வகிக்கறவங்களுக்கு நான் இத எழுதிக் குடுத்தே ஆகணும். குடுத்தா, இனிமே அவன் வீட்டு வாசல்ல நான் நிக்க முடியாது. ஏன்னு அவங்ககிட்டச் சொல்லவும் மேலிடத்துல விடமாட்டாங்க. நல்லாருங்க சார்."

பிப்ரவரி முதல் புதன்கிழமை காலையில் உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம் திருவிழாப்போல் நிறைந்திருந்தது. அவ்வூர் வழக்கப்படி, நீண்ட மேசையொன்றில் வெள்ளைத் துணி விரித்து, அழைப்பு விடுத்த கல்லூரிகளின் தொப்பிகளை வரிசையாக வைப்பார்கள். மாணவன் எந்தத் தொப்பியை எடுத்துத் தலையில் வைக்கிறானோ, அதுவே அவன் அணி. ஓரன் கதவருகே நின்று எட்டிப் பார்த்தார். சிவப்புத் தொப்பி இருந்தது. தொலைமாநிலக் கல்லூரிகளின் நீலமும் பொன்னிறமும் இருந்தன. பச்சை இல்லை.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "லேட்டிமர் எங்க? தூங்கிட்டானா?" "இவனையே விட்டுட்டானா? அந்தாளுக்கு வேல போகணும்யா!" என்று பச்சைச் சட்டைக்காரர்கள் பொருமினார்கள். ஓரன் சுவரோடு சுவராக நின்றார். ரோடெல் மேசையின் முன் அமர்ந்தான். தொப்பிகளை ஒருமுறை இடமிருந்து வலமாகவும், ஒருமுறை வலமிருந்து இடமாகவும் பார்த்தான். தேடுகிறவன் பார்ப்பது போலத்தான் இருந்தது. பிறகு சிவப்புத் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டான். கைதட்டல் கூரையைத் தொட்டது. டூயி கைதட்டினார், ஆனால் ஓரன் நின்ற பக்கம் திரும்பவில்லை.

கூட்டம் கலையும்போது வெர்னா அவரிடம் வந்தார். இப்போது பேசலாம், சட்டம் தடுக்காது.

"ஏன் சார், லேட்டிமர் சொல்லாம கொள்ளாமப் போயிட்டாரு? ஒரு ஃபோன்கூட இல்ல. என் பையன் என்ன தப்புப் பண்ணினான்?"

"அவன் ஒண்ணும் பண்ணலம்மா. நான் சொல்லிட்டேன். உங்கள வண்டில ஏத்தினத."

வெர்னா அவரையே பார்த்தார். "நாங்க யார்கிட்டயும் மூச்சு விடல. அவன் தங்கச்சிகிட்டக்கூட."

"தெரியும்மா. பின்னாடி என்னிக்காவது தெரிஞ்சா அவன் பேர அழிச்சுடுவாங்கன்னு…"

"அவன் ஸ்டோவாலுக்கு மரியாதைக்குத்தான் சார் போனான். நான் வாக்குக் குடுத்தேன்னு போனான். அங்க போறதுக்கு முன்னாடி மனசு ரெண்டா இருந்துச்சு. திரும்பி வந்து என்ன சொன்னான் தெரியுமா? 'நான் கேட்லெட்டுக்கே போறேம்மா. அந்தக் கோட்டுக்கு உள்ளயே ஓடிக் காட்டறேன். நீயும் அந்தப் பெரியவரும் சண்டையில்லாமப் பாக்கலாம்'னு சொன்னான்."

ஓரன் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அரைமணி நேரத்துல போய்ப் பாத்துட்டு ட்யூட்டிக்கு வந்துடலாம்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன்" என்றார் வெர்னா. "இப்ப ஒன்றரை மணி நேரம். வண்டியும் இல்ல."

"இப்ப நான் உங்கள ஏத்திக்கிட்டுப் போகலாம்மா. தடையில்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேணும்னாலும்…"

"வேண்டாம் சார்" என்றார் அவர். முன்பு ஆற்றுப்பாலத்தில் பேசிய அதே கோபமில்லாத குரல். "நீங்க அன்னிக்குத் திரும்பி வந்தத நான் மறக்கமாட்டேன். ஆனா வேண்டாம். பஸ்ல போய்க்கறேன்."

அவர் மகனைத் தேடிக் கூட்டத்துக்குள் போனார். யாரோ ஒரு புகைப்படக்காரர், சிவப்புத் தொப்பியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொள்ளும்படி ரோடெலிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் அப்படியே செய்தான்.

வந்த இலையுதிர் காலத்தில் ஓரன், கடையின் பின்னறையில் வானொலியைத் தாழ வைத்துக்கொண்டு சனிக்கிழமைகளைக் கழித்தார். தெற்கே போகும் வண்டிகளின் ஒலிப்பான்கள் கேட்கும். பிறகு தெரு வெறிச்சோடிவிடும். ரோடெல் பந்தை வாங்கி ஓடும்போதெல்லாம், எந்தப் பக்கத்துக்காகப் பதைக்க வேண்டும் என்று அவர் நெஞ்சுக்குத் தெரியவில்லை. பழைய நாளை நினைக்கும்போது இப்போது அவருக்குப் பதினைந்தாம் வரிசை தோன்றுவது குறைந்துவிட்டது. மேட்டின்மேல் லூத்தரும் அவர் தங்கையும் நனைந்துகொண்டு நிற்பதும், ஹாஸ்க்யூவின் கால் கோட்டுக்கு வெளியே போவதுமே தோன்றின. அதை அவர் மாவிஸிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

இழந்தவற்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். கேட்லெட் ஸ்டேட் ஓர் ஓட்டக்காரனை இழந்தது. அவன் ஸ்டோவாலில் இருந்தவரை, ஆண்டுதோறும் கரடிகளிடம் தோற்றது. லேட்டிமர் இரண்டாம் ஆண்டின் முடிவில் வேலையை இழந்தார். விதி மீறியவர் என்பதால் ஓரன் மன்றத்து உறுப்பினர் என்ற தகுதியையும், மைதானத்தில் தமக்கிருந்த இடத்தையும் இழந்தார். டூயி, கிண்டல் செய்யும் மனத்தை இழந்தார். கடைக்கு வருவதும் குறைந்தது. ரோடெல், வீட்டுக்கு அருகில் ஆடுவதை இழந்தான். வெர்னா பெட்வே, மகன் ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றைப் பார்க்க முடியாமல் இழந்தார்.